பொங்கல்படியோடு வந்த மொட்டைச் சட்டி

வண்ணார்பேட்டை,
விரோதிகிருது வருஷம் (1912) தை 4

வெள்ளிமுடி எஸ்டேட் ரைட்டர் சிவசண்முகம் பிள்ளை அவர்களுக்கு, சம்பந்தி திருஞானசம்பந்தம் எழுதுவது.

க்ஷேமம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் அனுப்பிய தலைப்பொங்கல்படி போகியன்று மத்தியானம் வந்து சேர்ந்தது. வெண்கலப் பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சள்குலை, சிறுகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் முறைப்படி இருந்தன. ஆயுசெல்லாம் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து அடுத்தவன் குற்றம் பார்த்தே பழகின எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியாக வண்டிக்காரன் நூகு, வைக்கோல் சுற்றிய மண்சட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வாசற்படியில் வைத்தான். "ரைட்டர் ஐயா இதைத்தான் பத்திரமா கொண்டுபோகச் சொன்னாவ. மத்ததெல்லாம் பொறவுதான்னாவ" என்றான். சுற்றிலும் உறவுக்காரப் பெண்கள் நிற்கிறார்கள். என் அண்ணாச்சி ஆவுடைநாயகம் பிள்ளை சாய்வு நாற்காலியில் இருக்கிறார். வைக்கோலைப் பிரித்தால் உள்ளே மண். மண்ணில் கருகிப்போன நாலு குச்சி. மங்கலச் சாமான்களுக்கு நடுவில் மண்சட்டியும் கரிந்த குச்சியும் எதைப் பார்த்தாற்போல் இருக்கும் என்பதை நான் எழுத மாட்டேன். தங்களுக்கும் வயதாகிறது, தெரியும்.

என் சம்சாரம் சொர்ணாம்பாள் சட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தொழுவத்துச் சுவரில் வைத்துவிட்டு, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தாள். மறுநாள் பால் பொங்கும்போது குலவை போட அவளுக்கு வாய் வரவில்லை. தங்கள் மகள் கோமு, அந்தச் செடி பட்டுப்போகவில்லை, தூங்குகிறது என்று ஏதோ சொல்லப் போனாள். பேசாமல் இரு என்று அடக்கிவிட்டோம்.

முழுகாமல் இருக்கிற பெண் உள்ள வீட்டுக்குப் பட்ட செடியைச் சீராக அனுப்புவது மலைமேல் எந்த ஜாதியில் வழக்கம் என்று எழுதித் தெரிவிக்க வேண்டியது.

திருஞானசம்பந்தம்


வெள்ளிமுடி எஸ்டேட், பாபநாசத்துக்கு மேல்,
தை 11

சம்பந்தி அவர்களுக்கு.

இங்கே பனி விழுகிறது. மை உறைந்துபோவதால் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தச் செடிக்கு ஜெரானியம் என்று பெயர். கலெக்டர் பங்களா வாசலில் சட்டி சட்டியாகச் சிவப்பாய் வைத்திருக்கிறார்களே, அது என்று நினைக்க வேண்டாம். அதையும் அப்படித்தான் சொல்லுகிறார்கள், ஆனால் அது ஒரு பனிக்குத் தாங்காது. இது வருஷக்கணக்காக ஒரே வேரில் நிற்கிற ஜாதி. மார்கழிப் பனியில் மேலே இருப்பதெல்லாம் கருகி, உயிர் மண்ணுக்குள் அடங்கிவிடும். மாசி கடைசியிலோ பங்குனியிலோ மண்ணைப் பிளந்துகொண்டு கைவிரித்தாற்போல இலை வரும். சித்திரையில் நீலப் பூ. பூ உதிர்ந்தால் காய் கொக்கின் அலகாட்டம் நீண்டு, வெயிலில் தெறித்து, விதையை எட்ட எறியும். அதைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரி கொக்குமூக்குப் பூ என்று பெயர் வைத்தாள். எஸ்டேட் துரைசானி சீமையிலிருந்து வரவழைத்து, ஊருக்குத் திரும்பும்போது என் வீட்டுக்காரி கையில் கொடுத்துவிட்டுப் போன வேர் அது. வீட்டுக்காரி காலமான பிறகு நான்தான் பார்த்துக்கொள்ளுகிறேன்.

வேரைப் பிரித்து நடுவது இந்தத் தூக்கத்தில்தான் முடியும். இலையும் பூவுமாய் நிற்கும்போது கத்தி வைத்தால் இரண்டு பாதியும் போய்விடும். தாய் இல்லாத வீட்டிலிருந்து மகளுக்குப் போகிற முதல் பொங்கல்படி. தாய் நட்டதில் பாதியைப் பிரித்து அனுப்பினேன். ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மண்ணுக்குள்ளே இருக்கிற கிழங்கை ஒரு விரல் விட்டுப் பார்த்தால் உயிர் இருக்கிறது தெரிந்துவிடுமே, இதற்குச் சீட்டு எதற்கு என்று இருந்துவிட்டேன். கோர்ட்டுக் கட்டுகளில் தூசி தட்டின விரலுக்கு அது தெரியாது என்று தோன்றாமல் போயிற்று.

பங்குனியில் கோமுவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிள்ளை தாய்வீட்டில் பிறப்பதுதான் முறை. என் தங்கை ஞானம்பாள் இங்கே வந்து இருக்கிறாள். எஸ்டேட்டில் எத்தனையோ பிரசவம் பார்த்தவள். நாள் பார்த்துத் தெரிவித்தால் அழைத்துப்போக வருகிறோம்.

சிவசண்முகம்


வண்ணார்பேட்டை,
தை 20

ரைட்டர்வாளுக்கு.

ஒரு சீமைக் களைக்கு இவ்வளவு வக்காலத்தா? கிழங்கு என்று ஒரு வார்த்தை நூகுவிடம் சொல்லி அனுப்பியிருந்தால் சிறுகிழங்கோடு சேர்த்துக் குழம்பிலாவது போட்டிருப்போம். வாசனை இல்லாத பூ சுவாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. நீர் அதை வைத்துக்கொண்டு கொஞ்சும்.

கோபத்தில் மறந்துபோனீரோ, நினைவே இல்லையோ தெரியவில்லை. எங்கள் மூத்த மகள் வடிவு இந்த வீட்டு உள்ளறையில், பெற்ற பிள்ளையோடு சேர்ந்து போய்விட்டாள். நீர் சம்பந்தம் பேச வந்தபோது இதைச் சொன்னோம். உச்சுக் கொட்டிவிட்டுக் காப்பி குடித்தீர். அந்தத் தாய் கண்ணுக்கு நேரே, மருமகள் வயிறும் பிள்ளையுமாய் நிற்கிற வீட்டில், நீர் கரிந்த குச்சியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னீர். விரல் விட்டுப் பார்க்கவில்லையாம்!

எங்கள் குடும்பத்தில் அண்ணாச்சி வார்த்தைக்கு அப்பீல் கிடையாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் மலையில இருந்து இறங்கி வந்து, நம்ம வாசல்ல நின்னு தப்புன்னு சொல்லட்டும்வே. பொறவு பாக்கலாம், பிள்ளையை அனுப்புததா வேண்டாமான்னு." வராவிட்டால் பிரசவம் இங்கேதான்.

திருஞானசம்பந்தம்


வெள்ளிமுடி எஸ்டேட்,
மாசி 2

சிரஸ்தார்வாளுக்கு.

வடிவின் நினைவு அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை. அதற்காகச் சம்பந்தியம்மாளிடம் மட்டும் வருத்தம் சொல்லுகிறேன். உம்மிடம் இல்லை.

ஆனால் தப்பு என்று வாசலில் வந்து நிற்க மாட்டேன். உயிரோடு இருப்பதைச் செத்துவிட்டது என்று என் வாயால் சொல்லச் சொல்லுகிறீர். என் வீட்டுக்காரி கை வைத்த வேர் அது. நான் சொல்ல மாட்டேன்.

உமக்கு அத்தாட்சிதானே வேண்டும்? பங்குனி உத்திரத்துக்குள் அந்தச் சட்டியில் பச்சை தெரிந்தால் கோமுவை அனுப்பிவிட வேண்டும். தெரியாவிட்டால் வாசல் என்ன, நடுத்தெருவில் உம் அண்ணாச்சி காலில் விழுந்து தப்பு என்கிறேன். பிள்ளையும் அங்கேயே பிறக்கட்டும். உமக்குத் தைரியம் இருந்தால் ஒப்புக்கொள்ளும்.

சட்டியை நிழலில் வைக்கவும். காலை வெயில் மட்டும் படலாம். மண் காயவும் கூடாது, தண்ணீர் கட்டி நிற்கவும் கூடாது.

சிவசண்முகம்


வண்ணார்பேட்டை,
மாசி 9

ரைட்டர்வாளுக்கு.

பந்தயம் அண்ணாச்சி முன்னிலையில் வாசிக்கப்பட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. உத்திரத்தன்று காலையில் அவரே வந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

சட்டி தொழுவத்துச் சுவரிலேயே இருக்கும். அத்தாட்சியை இருக்கிற இடத்திலிருந்து கலைக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. நிழலாம், காலை வெயிலாம்! பக்கத்தில் விசிறிக்கு ஒரு ஆளும் போட்டுவிடட்டுமா? வீட்டுத் தென்னம்பிள்ளைக்கே நாங்கள் இவ்வளவு பார்த்தது இல்லை.

உம் மகள் தண்ணீர்ச் செம்போடு நாளும் அதன் பக்கத்தில் போய் நிற்கிறாள். சோறு சரியாக இறங்கவில்லை. உள்ளே விசாரித்ததில், பந்தயம் அவள் காதிலும் விழுந்துவிட்டதாகத் தெரிகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கொண்டுபோய் ஒரு குச்சியோடு முடிச்சுப் போட்ட புத்திசாலி நீர்தான், நான் அல்ல.

திருஞானசம்பந்தம்


வெள்ளிமுடி எஸ்டேட்,
மாசி 22

சிரஸ்தார்வாளுக்கு.

தொழுவத்துச் சுவரா? மேற்கு வெயில் முழுக்க அதில்தானே விழும்? தபால்காரன் வாரத்துக்கு இரண்டு தடவைதான் மலையேறுகிறான், போன வாரம் அதுவும் இல்லை, உம் கடிதம் இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. இதற்குள் எத்தனை வெயில் அடித்துவிட்டதோ.

இங்கே நேற்று என் பாதி துளிர்த்துவிட்டது. இங்கே இப்போதும் காலையில் வாய் திறந்தால் புகை வருகிறது. உங்கள் ஊரில் மாசியிலேயே தெருப்புழுதி காலைச் சுடும். பந்தயம் எழுதும்போது இதை நான் யோசிக்கவில்லை. கோபத்தில் எழுதினேன். ஞானம்பாள் உம் கடிதத்தைப் படித்துவிட்டு, "பெத்த பிள்ளையைத் தூக்கிப் பந்தயத்தில வச்சிட்டியே அண்ணே" என்றாள். 

சட்டியைக் கிணற்றடியில் வாழை நிழலுக்கு மாற்றும். பந்தயத்தில் இடத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. சாக்குத்துணியை நனைத்துச் சட்டியைச் சுற்றி வைக்கலாம். சம்பந்தியம்மாளிடம் சொல்லும், கோமுவுக்கு மோர்ச்சோறு என்றால் இறங்கும். நான் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி.

இல்லை, அப்படி நினைக்க வேண்டாம். செடிக்காகச் சொல்லுகிறேன்.

சிவசண்முகம்


வண்ணார்பேட்டை,
பங்குனி 16

ரைட்டர்வாளுக்கு.

நான் எழுத விரும்பாத கடிதம் இது. ஆனாலும் வாக்கு வாக்குத்தான்.

இன்று காலை சட்டியில் இரண்டு துளிர் நிற்கிறது. இலை நீள்வட்டம், நுனி கூர்மை, ஓரமெல்லாம் பல் பல்லாய் இருக்கிறது. கைவிரித்தாற்போல என்று நீர் எழுதியிருந்தீர். கையை இன்னும் விரிக்கவில்லை போலும். உத்திரம்வரை காத்திருப்பானேன் என்று அண்ணாச்சியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பச்சைதான் என்றார். தீர்ப்பு உம் பக்கம்.

எங்கள் வீட்டுப் பூனை வேறு அதைச் சுற்றிச் சுற்றி வந்து புரண்டுகொண்டு கிடக்கிறது. சொர்ணாம்பாள் விளக்குமாற்றோடு காவல் இருக்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. வளைகாப்பை இங்கே முடித்து அனுப்புகிறோம். அழைக்க உம் தங்கை வரட்டும். நீர் வரவேண்டாம். உம் வெற்றி முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

திருஞானசம்பந்தம்


வெள்ளிமுடி எஸ்டேட்,
பரிதாபி வருஷம் ஆனி 6

சிரஸ்தார்வாளுக்கு.

நேற்று விடியற்காலையில் ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். சம்பந்தியம்மாளிடம் முதலில் சொல்லவும்.

சிவசண்முகம்


வெள்ளிமுடி எஸ்டேட்,
ஆவணி 10

சிரஸ்தார்வாளுக்கு.

சும்மா இருக்கத்தான் நினைத்தேன். ஞானம்பாளும் அப்படித்தான் சத்தியம் வாங்கியிருந்தாள். உம் அண்ணாச்சி இருக்க விடவில்லை. பேரனைப் பார்க்க வந்தவர், திரும்பும்போது பாபநாசம் கோயில் வாசலில் நாலு பேரை வைத்துக்கொண்டு, "எங்க வீட்டு மண்ணுல எதை வச்சாலும் தளுக்கும்வே, சீமைச் செடிகூடத் தளுத்துட்டுல்லா" என்று பெருமையடித்துவிட்டுப் போயிருக்கிறார். 

கேட்டுக்கொள்ளும். உங்கள் வீட்டில் துளிர்த்தது குப்பைமேனி.

ஓரமெல்லாம் பல்லாய் இருக்கிற இலை, பூனை வந்து புரளுகிறது என்று நீரே உம் கையால் எழுதினீர். படித்த அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சாக்கடையோரம் முளைக்கிற களையைச் சீமைச் செடி என்று நம்பி, அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டி, தீர்ப்பு வேறு எழுதினீர். சிரஸ்தாருக்கு விரல்தான் தெரியாது என்று நினைத்தேன், கண்ணும் தெரியாது. நான் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று நியாயம் பேச வராதீர். என் பெண் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது, வந்துவிட்டாள்.

பிள்ளை குறுக்கே கிடந்தது. ஞானம்பாள்தான் கைபார்த்துத் திருப்பி எடுத்தாள். அன்றைக்குக் கோமு உங்கள் ஊரில் இருந்திருந்தால் என்று ஒரு வரி எழுதப் போனேன். கோமு என் கையைப் பிடித்துக்கொண்டு, அதை எழுதாதே என்கிறாள். அதனால் எழுதவில்லை.

சிவசண்முகம்


வண்ணார்பேட்டை,
ஆவணி 19

ரைட்டர்வாளுக்கு.

உம் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எழுதின ஆளின் சந்தோஷம் எழுத்தெல்லாம் துள்ளுகிறது. அதைக் கெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி உண்டு.

குப்பைமேனியை அடையாளம் தெரியாத மனுஷன் இந்த ஜில்லாவில் இருக்கிறான் என்று நினைக்க உம்மால்தான் முடியும். நாலு பிள்ளைகளுக்கும் நெஞ்சுச் சளிக்கு அதைப் பிழிந்து ஊற்றியவர்கள் நாங்கள். அண்ணாச்சிக்குத்தான் இரண்டு கண்ணிலும் புரை. எனக்கு இல்லை.

மாசிக் கடைசியில், உள்ளறையை வெள்ளையடித்துப் பிரசவத்துக்குத் தயார் பண்ணச் சொல்லி அண்ணாச்சி உத்தரவு போட்டார். அன்றைக்குச் சொர்ணாம்பாள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வடிவு போன அறை. வெகுநேரம் கழித்து வெளியே வந்து ஒன்றும் நடக்காததுபோல அடுப்பைப் பற்றவைத்தாள். இந்தப் பெண்ணை மலைக்கே அனுப்பிவிடுவோம் என்று அவள் சொல்லவில்லை. ஊரறியச் சட்டியைத் தொழுவத்தில் வைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டவள் எப்படிச் சொல்வாள்? அண்ணாச்சி சொன்ன பிறகு நான்தான் எப்படிச் சொல்வேன்? நீர் வாசலில் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உமக்குச் செடி பெரிசு.

அன்று சாயங்காலம் நீர் சொன்னபடி சட்டியில் விரலை விட்டுப் பார்த்தேன். கிழங்கு அழுகிப்போயிருந்தது. உம் வீட்டம்மாள் நட்டதில் எங்களுக்கு வந்த பாதி போய்விட்டது. அதை நிழலில் வைக்காதது நான்தான். இதற்குமேல் அதைப் பற்றி என்ன எழுதினாலும் நன்றாக இராது.

பங்குனி 15 ராத்திரி, வாய்க்கால் ஓரத்திலிருந்து ஒரு குப்பைமேனிக் கன்றைப் பிடுங்கிவந்து அதில் நட்டேன். பூனையைப் பற்றி எழுதினது, உமக்குப் புரியட்டும், புரிந்துகொண்டு கௌரவமாய் வாயை மூடிக்கொண்டு இருப்பீர் என்றுதான். ஆறு மாசம்கூட உம்மால் முடியவில்லை. அண்ணாச்சி காதுக்கு இது போனால் அப்புறம் நம் இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. தெரிந்துகொள்ளும்.

ஐப்பசியில் குழந்தைக்கு ஐந்தாம் மாசம். நாள் பார்த்து எழுதுகிறேன், கோமுவையும் பிள்ளையையும் அனுப்பிவைக்கவும். தையில் வருகிற பொங்கல்படியில் அந்தச் செடி இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டியை அவிழ்க்கவே விட மாட்டேன் என்று சொர்ணாம்பாள் உள்ளேயிருந்து சொல்லுகிறாள். கிணற்றடியில் வாழைக்குக் கீழே இடம் கொத்திவைத்திருக்கிறாள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. உமக்குத் தெரிவிக்கச் சொன்னதால் தெரிவித்தேன்.

இன்னொன்று. நான் நட்டது ஒரு கன்றுதான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது சட்டியில் இரண்டு நின்றது. இரண்டாவதை யார் நட்டது என்று சொர்ணாம்பாளிடம் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பங்குனி முடியும்வரை விளக்குமாற்றை வைத்துக்கொண்டு அந்தப் பூனையை மட்டும் விரட்டிக்கொண்டே இருந்தாள்.

திருஞானசம்பந்தம்